குளிரில் வைத்த ஈயச்சொம்பு

"அம்மா, சொம்பு செத்துப்போச்சு."

கனகசபை தாம்பாளத்தை நீட்டினார். தாம்பாளத்தில் பட்டுத்துணி. துணியின் மேல் ஒரு குவியல், சாம்பல் நிறத்தில், ஆற்று மணலைப் போல.

தையல்நாயகி அம்மையார் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார். மறுபடியும் காய்க்குத் திரும்பினார்.

"எடை போட்டீங்களா?"

கனகசபைக்கு உச்சி எரிந்தது. எழவு விழுந்த வீட்டிலிருந்து ஓடிவந்து சொன்னால், பிணம் எத்தனை அடி நீளம் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

"போடலை."

"போட்டுட்டு வாங்க."

கடுக்காய்ப்பாறை மடத்தில் எதைக் கேட்டாலும் இப்படித்தான். மோட்சம் எங்கே என்று கேட்டால், தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்பார் அம்மையார். மனம் ஏன் அலைகிறது என்று கேட்டால், செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள் என்பார். குனிந்து பார்த்தால் மாற்றித்தான் போட்டிருக்கும். அதுதான் இன்னும் எரிச்சல்.

அம்மையாருக்கு வயது முப்பத்தெட்டு. மடத்துக்குத் தலைமை ஏற்கும் முன் ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். கனகசபைக்கு அறுபத்து நான்கு. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பர். மனைவி போன மறுவருடம் இங்கே வந்து சிஷ்யராகச் சேர்ந்தவர். சேர்ந்து எட்டு வருடமாகிறது. ஞானத்துக்கு வயதில்லை என்று வாய் சொல்லும். காலில் விழும்போது முழங்கால் ஒத்துக்கொள்ளாது.

எடை போடப் போனார்.

அவர் போய்வருவதற்குள் சொம்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவர் கோபம் புரியாது.

மடத்தை உண்டாக்கியவரைப் பெரியசாமி என்பார்கள். இந்த மலைக்கு அவர் வந்தபோது கையில் இருந்தவை ஒரு பெரிய ஈயச்சொம்பும் ஒரு சின்ன ஈயச்சொம்பும்தான். சுத்த வெள்ளீயம். ரசம் வைக்க அதற்கு இணை கிடையாது. குருபூஜை அன்று பெரிய சொம்பில் ரசம் வைத்து, வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றுவார்கள். அந்த ஒரு கரண்டிக்காக மலையேறி வருகிறவர்கள் உண்டு.

ஈயத்துக்கு ஒரு குணம். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி ஓடிவிடும். முதலில் புளித்தண்ணீர், அப்புறம் தீ. சமையலறைக்குள் நுழைகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடம் அது.

ஏழு வருடத்துக்கு முன் அப்போதிருந்த சமையல்காரர் சின்னச் சொம்பை அடுப்பில் வைத்தார். போன் வந்தது என்று வெளியே போனார். திரும்பி வந்தபோது பர்னர் மேல் வெள்ளிக் குளம்.

கனகசபை அதைக் கண்ணால் பார்த்தவர். அன்றைக்கே பெரிய சொம்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தீதானே அதற்கு எமன்? எமனுக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டால்?

கடையை மூடிய ஐஸ்கிரீம் வியாபாரி ஒருவர் மடத்துக்குக் கொடுத்த டீப் ஃப்ரீசர் சும்மா கிடந்தது. அதற்குத் தனி லைன் இழுத்தார். சொம்பைப் பட்டில் சுற்றி உள்ளே வைத்தார். பூட்டினார். சாவி அரைஞாண் கயிற்றில்.

அதற்குப் பிறகு குருபூஜை ரசம் எவர்சில்வர் அண்டாவில்தான். சொம்புக்கு அரைமணி நேரம் தரிசனம், திரும்பவும் பெட்டி. "நினைவுப் பொருள்னா நினைவுல இருக்கணும், நெருப்புல இருக்கக் கூடாது" என்று ஒரு வசனமும் வைத்திருந்தார்.

போன வருடம் தரிசனத்தின்போது சொம்பின் அடியில் மரு மாதிரி நாலைந்து சாம்பல் புள்ளிகள். பூஞ்சை என்று நினைத்தார். குளிர் போதவில்லை என்று முடிவுகட்டினார். குமிழைக் கடைசிவரை திருகிவிட்டார்.

இந்த வருடம் அம்மையார் சொல்லிவிட்டார், ரசம் பெரியசாமி சொம்பில்தான் என்று. நாளை மறுநாள் குருபூஜை. இன்று காலை கனகசபை பூட்டைத் திறந்தார். பட்டு முடிச்சு பழைய கனம்தான் கனத்தது. அவிழ்த்தார்.

அவ்வளவுதான் கதை.

"ஒரு கிலோ முந்நூத்தி நாப்பது" என்றார், திரும்பி வந்து.

"சொம்பு எவ்வளவு இருந்துச்சு?"

ஸ்டோர் கீப்பரிடம் இதைக் கேட்க வேண்டுமா? "ஒரு கிலோ முந்நூத்தி நாப்பது."

"அப்போ எது குறைஞ்சுது?"

"ஒண்ணும் குறையலை."

"ஒண்ணும் குறையாம எப்படிச் சாகும்?"

கனகசபை தாம்பாளத்தைத் தரையில் வைத்தார். சத்தம் வரும்படியாகவே வைத்தார்.

"அம்மா. நாளன்னிக்கு முந்நூறு பேர் வருவாங்க. பாழாக்கிட்டான்னு பாதிப்பேர் சொல்வான். வித்துட்டுச் சாம்பலைக் காட்டறான்னு மீதிப்பேர் சொல்வான். முப்பத்தொரு வருஷத்துல என் ஸ்டோர்ல ஒரு பல்பு காணாமப் போனதில்லை."

"தெரியும்."

"எனக்கு ஒரு பதில் வேணும். தீ படலை. தண்ணி படலை. கைகூடப் படலை. பின்னே எப்படி இப்படிப் போச்சு? பதில் இல்லேன்னா அஞ்சு மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பறேன். பை கட்டியாச்சு."

அம்மையார் நறுக்கிய காயைத் தட்டில் தள்ளினார்.

"அதுக்குள்ள இருக்கிற அணுவெல்லாம் இடம் மாறி உட்கார்ந்திருக்கு."

"யாரைக் கேட்டு?"

அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த சூடாமணி களுக்கென்று சிரித்தாள். மடத்துச் சமையல் இப்போது அவள் கையில். அவள் வாய் மட்டும் யார் கையிலும் இல்லை.

"ஐஸ் பெட்டியில வெச்சா மீனே பத்து நாள்தான் தாங்கும் ஐயா. நீங்க ஏழு வருஷமாச்சே."

"மடத்துல என்ன மீன் பேச்சு?"

"நான் சொம்பைச் சொன்னேன்."

கனகசபை அவளை விட்டுவிட்டார். "அம்மா, இடம் மாறினா மாறட்டும். அதுக்காக ஒரு பொருள் பொடியாப் போகுமா? நானும்தான் உத்தியோகத்துல ஆறு ஊர் மாறினேன்."

"நீங்க பழைய ஆளுங்களை விட்டுட்டுப் போனீங்க. அதுங்க பக்கத்து ஆளைக்கூட விடலை."

"இப்பத்தான் இடம் மாறிச்சுன்னீங்க."

"ஆமா."

"பக்கத்து ஆளை விடலைன்னும் சொல்றீங்க."

"ஆமா. மணி என்ன?"

"பன்னண்டரை."

"பந்திக்கு நேரமாச்சு" என்று எழுந்துவிட்டார் அம்மையார்.

பந்திக் கூடம் கனகசபையின் ராஜ்ஜியம். மூன்று பக்கம் சுவர். ஒரு பக்கம் மூங்கில் தட்டி. தட்டிக்கு வெளியே தாழ்வாரம், அதற்கப்பால் மலைத்தூறல். குருபூஜை வேலைக்கு வந்தவர்களையும் சேர்த்து அன்று நாற்பது பேர். தொடையோடு தொடை, முதுகோடு முழங்கால். ஒருவர் உப்புக் கேட்டால் மூன்று பேர் கை மாறி வந்துவிடும்.

தினமும் வாசலில் நின்று கனகசபை சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "இடிக்காம உட்காருங்க, இடிக்காம உட்காருங்க." எட்டு வருடமாகச் சொல்கிறார். ஒருவர் கேட்டதில்லை.

இன்றும் சொன்னார். இன்றும் கேட்கவில்லை.

அம்மையார் இலைகளுக்கு நடுவே நடந்து போனார். கூடத்தின் மத்தியில் உட்கார்ந்திருந்த தபால்காரர் ராஜப்பாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். திரும்பி வந்து கனகசபை பக்கத்தில் நின்றுகொண்டார்.

"என்னம்மா சொன்னீங்க?"

"நீங்க சொல்றதைக் கேக்கச் சொன்னேன். கையை நீட்டினா நாலு பேர் விரல்நுனி மட்டும் படணும். அதுக்கு மேல ஒருத்தரும் இடிக்கக் கூடாது."

கனகசபைக்கு முதல் தடவையாக அம்மையார் மேல் ஒரு மரியாதை வந்தது. அது ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை.

ராஜப்பா கையை நீட்டிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரை ஒரு சாண் தள்ளினார். முன்னால் இருந்தவர் முதுகைத் தட்டினார். "தள்ளுங்க. இடிக்கக் கூடாதாம்."

தள்ளப்பட்டவருக்குத் தன் இடம் போதாது என்று அதுவரை தோன்றியதே இல்லை. இப்போது தோன்றிவிட்டது. அவரும் கையை நீட்டினார்.

அப்படியே பரவியது. கூட்டத்துக்குப் பொதுவாக யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை. தொட்டவர் தொட்டவரிடம் சொன்னார். இலை இழுபட்டது. டம்ளர் உருண்டது. சுவர்ப் பக்கம் தள்ளப்பட்டவர்கள் சுவரோடு பல்லிபோல் ஒட்டினார்கள். சுவர் நகருமா? நெருக்கடி முழுவதும் தட்டிப் பக்கம் திரும்பியது. கடைசி வரிசை தட்டியில் சாய்ந்தது.

"ஐயோ, தட்டி, தட்டி" என்று கனகசபை ஓடினார்.

தட்டி கயிறு அறுந்து படுத்தது. அதற்குப் பின்னால் வைத்திருந்த மோர்ப்பானையும் படுத்தது. பத்துப் பேர் கையில் இலையோடு தூறலில் நின்றார்கள். உள்ளே மிச்சமிருந்தவர்கள் தீவு தீவாக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஒருவர் உப்புக் கேட்டார். அவர் கைக்கு அது எட்டவே இல்லை.

சூடாமணி மோரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத முடியாது.

"எத்தனை பேர்?" என்றார் அம்மையார்.

கனகசபை பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினார். "நாப்பது."

"முதல்ல?"

"நாப்பது."

"யாராவது எழுந்து இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு ஓடினாங்களா?"

"இல்லை. பக்கத்துல இருந்தவனை விட்டு ஆளுக்கு ஒரு சாண் தள்ளினாங்க."

"பக்கத்து ஆள் மாறினானா?"

"இல்லை. அதே ஆள்தான். தள்ளி இருக்கான்."

"அப்போ தட்டி ஏன் விழுந்துச்சு?"

கனகசபை வாயைத் திறந்தார். வாயைத் திறந்தபடியே மோர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டியைக் கட்டி, மோரைத் துடைத்து, நின்றுகொண்டே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தபோது மணி நாலு. அம்மையார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். தாம்பாளம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"சரிம்மா, புரிஞ்சுது. உள்ள ஒவ்வொண்ணும் நாலு பேர் போதும்னு தள்ளி உட்கார்ந்துடுச்சு. பழைய சொம்புக்குள்ள அதுக்கு இடம் பத்தலை. உப்பி வெடிச்சுப் போச்சு."

"ம்."

"ஆனா ஒண்ணு இடிக்குது."

"இடிக்கட்டும். நல்லதுதான்."

கனகசபை பொறுத்துக்கொண்டார். "குளிர்ல எதுவும் சுருங்கத்தானே செய்யும்? மார்கழி வந்தா நாமளே போர்வைக்குள்ள சுருண்டுக்கறோம். லைன் கம்பிகூடக் குளிர்ல விறைச்சு இழுத்துக்கும். இது மட்டும் ஏன் விலகி விலகிப் போச்சு?"

அம்மையார் கை நின்றது. கேள்வி நல்ல கேள்வி போலிருக்கிறது. அவர் முகத்தில் அது தெரிந்தது. தெரிந்ததில் கனகசபைக்குக் கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் எரிச்சல்.

"சூட்டுல ஆடிக்கிட்டே இருக்கிறவனுக்கு யார் இடிச்சாலும் தெரியாது ஐயா. ஆட்டம் அடங்கினவன்தான் தன் இடத்தை அளக்க ஆரம்பிப்பான்."

கனகசபையின் கை அரைஞாண் கயிற்றுக்குப் போனது. சாவிக்கொத்து இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"எல்லா ஈயமும் இப்படித்தானா?"

"இல்லை. கொஞ்சம் காரீயம் கலந்த சொம்பா இருந்தா பிழைச்சிருக்கும்."

"நல்ல நியாயம். கலப்படம் பிழைக்கும், சுத்தம் சாகும்."

"சுத்தம் குளிர் தாங்காது."

இது ஈயத்தைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை. கேட்டால் தொட்டியில் தண்ணீர் ஏறிவிட்டதா என்பார்.

அம்மையார் மறுபடியும் மிளகு புடைத்தார்.

"போன வருஷமே அடியில நாலஞ்சு புள்ளி பார்த்தேன்மா."

"அதுதான் ராஜப்பா. அங்கேருந்துதான் பரவியிருக்கு" என்றார் அம்மையார்.

"பூஞ்சைன்னு நினைச்சு, குளிரைக் கூட்டி வெச்சேன்."

"ம்."

"காப்பாத்தறோம்னு நினைச்சேன்."

"ம்."

அந்த 'ம்'மில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"திரும்ப வருமா? வெயில்ல வெச்சா?"

"வெள்ளையாகும்."

"சொம்பாகுமா?"

"ஆகாது. விண்டது விண்டதுதான். வெள்ளைப் பொடி."

"பின்னே?"

அம்மையார் அடுப்பைப் பார்த்தார்.

"கூடாது" என்றார் கனகசபை.

"நான் எதுவும் சொல்லலையே."

"பார்த்தீங்களே. வெறும் சட்டியில, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, பெரியசாமி சொம்பைத் தீயில... என் கையால மாட்டேன்."

"உங்க கையாலதான்."

"நீங்க வைங்க. நீங்கதானே குரு."

"நான் பூட்டலையே."

கனகசபை எழுந்து வெளியே போனார். தன் அறை வாசல்வரை போனார். பை கட்டி வைத்தபடி இருந்தது. பையைப் பார்த்தார். பையும் அவரைப் பார்த்தது. என்ன ஜன்மம் இது, ஒரு கேள்வி கேட்க வந்தால் கொலைகாரனாக்கி, கொள்ளி வைக்கவும் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்தார். திரும்பி வந்தார்.

சூடாமணி இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிப் பற்றவைத்திருந்தாள்.

"ஐயா, கேஸ் வீணாப் போகுது."

கனகசபை பட்டுத்துணியின் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினார். சட்டியில் கொட்டினார். கொஞ்சம் வெளியே சிந்தியது. அதையும் ஒரு மணி விடாமல் துடைத்துப் போட்டார். ஸ்டோர் கீப்பர் புத்தி.

சட்டி சூடேறியது. குவியல் மெல்லத் தணிந்தது. யாரோ அதன் தலையில் கை வைத்து அமுக்கியதுபோல் இறங்கியது. சாம்பல் நிறம் வெளுத்தது.

"அம்மா, வெள்ளையாயிடுச்சு. பாருங்க. போதும், அணைச்சுடலாம்."

"கிளறிப் பாருங்க."

கரண்டியால் கிளறினார். சரசரவென்று ஓடியது. வெள்ளை மணல். எல்லாம் பழைய நிறத்துக்கு வந்தாயிற்று. ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

"இன்னும்" என்றார் அம்மையார். "குங்கிலியம் இருக்கா?"

பூஜைக் குங்கிலியம் கனகசபையின் அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது. சட்டியை விட்டுப் போக முடியாது. கரண்டியைச் சூடாமணியிடம் கொடுக்க மனம் வரவில்லை. ஆக மீதி ஒன்றுதான். அரைஞாண் கயிற்றிலிருந்து கொத்தை அவிழ்த்து அவளிடம் நீட்டினார். எட்டு வருடத்தில் முதல் தடவை. இடுப்பில் அந்த இடம் அரித்தது.

"அலமாரியில முந்திரியும் இருக்குமே ஐயா?"

"குங்கிலியம் மட்டும் எடு."

இரண்டும் எடுத்து வந்தாள்.

குங்கிலியத்தைத் தூவியதும் புகை கிளம்பியது. ஒரு மஞ்சள் நாக்கு எழுந்து அடங்கியது. கனகசபை கண்ணில் நீர் வழிய, கரண்டியை விடாமல் நின்றார். மேலே படிந்திருந்த அழுக்கு விலகியது. அடியில் ஒரு துளி கண் திறந்தது. பக்கத்துத் துளியை இழுத்துக்கொண்டது. அது அடுத்ததை. எதையும் யாரும் தள்ளவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொடி என்பது இல்லாமல் போய், சட்டியின் அடியில் சமையலறைக் கூரை தெரிந்தது. குனிந்தால் அவர் மூக்கும் தெரிந்தது.

"எதுல ஊத்தறது?" என்றார். அதை யாரும் யோசித்திருக்கவில்லை.

சூடாமணி இட்லித் தட்டைக் கொண்டுவந்தாள். ஈரம் போகத் துடைத்து, அடுப்பில் காட்டி, குழிகளில் விபூதியைத் தூவினாள்.

"விபூதியையா?"

"ஒட்டாது. பெரியசாமிக்கில்லாத விபூதியா?"

ஊற்றினார். ஒரு குழி. இரண்டு. மூன்று. கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

"ஐயா, உங்க பஸ்."

"தட்டை ஆடாமப் பிடி."

நாலாவது குழி நிறைந்ததும் சட்டி காலி. ஒரு சின்ன வழிசல் மட்டும் மேடையில் விழுந்து விரல் நீளத்துக்கு உறைந்தது. ஆறியதும் அம்மையார் அதை எடுத்து, கனகசபை காதருகே கொண்டுபோய், வளைத்தார்.

முறுக்முறுக்கென்று ஒரு சத்தம். உள்ளேயிருந்து யாரோ முனகுவதுபோல.

"என்னம்மா அது? அழுவுதா?"

"நகர்ந்து இடம் விடுறாங்க. பந்தியில ஒருத்தர் நகர்ந்து இடம் விட்டா முனகாமலா விடுவார்? தினமும் கேக்குறீங்களே."

கனகசபை அந்தத் துண்டை வாங்கி, தானே ஒரு தரம் வளைத்துக் கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார். பிறகு இட்லித் தட்டைப் பார்த்தார். அடக்கி வைத்ததெல்லாம் வந்துவிட்டது.

"அம்மா, இது சொம்பு இல்லை. இட்லி. நாலு இட்லி. காலையிலேருந்து பொடிங்கறீங்க, பந்திங்கறீங்க, தட்டியைத் தள்ளி மோரைக் கொட்டினீங்க, என் கையால கொள்ளி வெக்கச் சொன்னீங்க. எல்லாம் செஞ்சாச்சு. பஸ்ஸும் போச்சு. நாளன்னிக்கு ரசம் பெரியசாமி சொம்புலன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்க. எதுக்குள்ள வெப்பேன் ரசத்தை?"

அம்மையார் மூலையில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் அண்டாவைப் பார்த்தார். நாலு இட்லியையும் பார்த்தார்.

"சொம்புக்குள்ள ரசம் இருந்தா என்ன, ரசத்துக்குள்ள சொம்பு இருந்தா என்ன?"

எழுந்து போய்விட்டார். தொட்டியில் தண்ணீர் ஏறியிருக்கும்.

குருபூஜை அன்றும் தூறல் விடவில்லை. முந்நூறு பேர் என்று நினைத்தது நானூறாகியிருந்தது. கூடம் நிரம்பி, தாழ்வாரம் நிரம்பி, மீதிப்பேர் குடைக்குள் நின்றார்கள்.

காலையில் அண்டாவை ஏற்றியவர் கனகசபைதான். முதலில் புளித்தண்ணீர். பிறகு நாலு ஈய இட்லி, ஒவ்வொன்றாக, கையால் இறக்கினார். பிறகுதான் தீ. சூடாமணி மிளகும் சீரகமும் போட வந்தபோது நகர்ந்து இடம் விட்டார். முனகிக்கொண்டேதான் விட்டார்.

முதல் பந்தி. கனகசபை கரண்டியோடு வந்தார். முதல் வரிசையில் முதல் இலை, அடிவாரத்து மளிகைக்கடை சபாபதிச் செட்டியார். வருடம் தவறாமல் வருகிறவர். எதையும் மெதுவாகக் கேட்கத் தெரியாதவர்.

"என்ன கனகசபை, அண்டாவா? பெரியசாமி சொம்புல ரசம்னாங்களே. சொம்பு எங்கே?"

கூடம் திரும்பிப் பார்த்தது.

கனகசபை இரண்டு நாளாக மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தார். மூன்றும் நல்ல பதில். அணு, இடம், குளிர் எல்லாம் வரும். மூன்றையும் விட்டுவிட்டார்.

"பெட்டியில வெச்சுக் கெடுத்துட்டேன். பொடியாப் போச்சு. நான்தான் உருக்கினேன். ரசத்துக்குள்ள இருக்கு."

ராஜப்பா எதற்கோ இருமினார்.

கனகசபை அண்டாவுக்குள் கரண்டியை விட்டார். அடியில் 'தொக்' என்று ஈயம் தட்டியது. எடுத்து ஊற்றினார்.

செட்டியார் உள்ளங்கையைக் குவித்து உறிஞ்சினார். கண்ணை மூடினார். கூடம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கையை மறுபடியும் நீட்டினார்.

"ஆளுக்கு ஒரு கரண்டிதான்" என்றார் கனகசபை. இன்னொரு கரண்டி ஊற்றினார்.

வாசலில் ஏழெட்டுப் பேர் நனைந்துகொண்டு, உள்ளே இடம் இருக்குமா என்று எட்டிப் பார்த்தார்கள். கனகசபை நிமிர்ந்தார். எட்டு வருடப் பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. பாதியில் நின்றது.

"நெருங்கி உட்காருங்க" என்றார். "நல்லா இடிச்சு உட்காருங்க."